வெளியே விடுவதா, வீட்டோடு வைப்பதா? கிருஷ்ணகிரி, தருமபுரி வீடுகளில் பூனை வளர்க்க மூன்று வழிகள்

"அக்கா, இவரு 'பூனைன்னா நாலு இடம் சுத்தணும், வெளிய விடு'ங்கிறாரு. எம்பொண்ணு 'வெளிய விட்டா செத்துப் போயிரும்மா'ன்னு அழுவுறா. நான் யாரு பேச்சைக் கேக்குறது?"

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு தங்கை போன மாதம் கேட்டது இது. இதே கேள்வியை ஓசூரில் மூன்றாவது மாடியில் குடியிருக்கும் ஒரு குடும்பமும், பாலக்கோட்டுப் பக்கம் தோட்டத்துக் கொட்டாயில் இருப்பவர்களும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். மூன்று வீட்டுக்கும் ஒரே பதிலைச் சொன்னால், இரண்டு வீட்டுப் பூனைகளுக்கு அது தீங்காகத்தான் முடியும். அதனால்தான் உட்கார்ந்து விரிவாக எழுதுகிறேன்.

மூன்று வழிகளிலும் நான் பூனை வளர்த்திருக்கிறேன். சின்னு வெளியே திரிந்து வளர்ந்தவன். துரை பூட்டிய வீட்டுக்குள் வளர்ந்தவன். இப்போது இருக்கும் மல்லி பகலில் மாடி வலைக்குள்ளும் இரவில் வீட்டுக்குள்ளும் இருக்கிறாள். சின்னு இப்போது இல்லை.

எதை வைத்து எடைபோடுவது

"பூனைக்குச் சுதந்திரம் வேண்டும்", "பூனைக்குப் பாதுகாப்பு வேண்டும்" என்று இரண்டு பக்கமும் பேசிக்கொண்டே இருந்தால் முடிவு வராது. நான் ஐந்து கேள்விகளைக் கேட்டுப் பார்ப்பேன்.

1. வாசலில் இருந்து நூறு அடிக்குள் என்ன இருக்கிறது? சாலையா, திறந்த கிணறா, தெருநாய்க் கூட்டமா, எலி மருந்து வைக்கும் மண்டியா?
2. தொற்றுநோய் எந்த வழியாக வரும்?
3. வீட்டில் கைக்குழந்தையோ, கர்ப்பிணியோ, மூச்சிரைப்பு உள்ள பெரியவரோ இருக்கிறார்களா?
4. பணத்தைவிட முக்கியமாக, தினமும் யார் எத்தனை நிமிடம் ஒதுக்குவார்கள்?
5. பூனைக்கு ஓட, ஏற, பதுங்க இடம் கிடைக்கிறதா?

இவற்றில் முதல் கேள்விக்குத்தான் என் கணக்கில் பாதி எடை. உங்கள் குணத்தையும் பூனையின் குணத்தையும் பிறகு பார்க்கலாம். வீடு இருக்கும் இடம் முக்கால்வாசி முடிவைச் சொல்லிவிடும்.

எந்த வழியானாலும் தவிர்க்க முடியாத மூன்று

தடுப்பூசி, கருத்தடை, இறைச்சி உணவு. இந்த மூன்றும் இல்லாவிட்டால் கீழே வரும் எந்த வழியும் நிலைக்காது.

குட்டிக்கு எட்டு வாரம் ஆனதும் மூன்று நோய்களுக்குச் சேர்த்துப் போடும் ஊசியைத் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை என்று பதினாறு வாரம் வரை தொடர வேண்டும். வெறிநாய்க்கடி ஊசி மூன்று மாதத்தில். அடுத்த ஆண்டு மறு ஊசி உண்டு. "எங்க பூனை வாசப்படி தாண்டாது, அதுக்கு எதுக்கு ஊசி" என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குட்டிகளை வாந்தியும் பேதியுமாக நாலைந்து நாளில் கொன்றுவிடும் பேன்லூகோபீனியா கிருமி, தரையிலும் பொருட்களிலும் ஓர் ஆண்டு வரைகூட உயிரோடு இருக்கும். அது நம் செருப்பில் ஒட்டியே வீட்டுக்குள் வந்துவிடும்.

பெண் பூனைக்கு நாலு மாதத்திலேயே பருவம் வரலாம். சினைக்காலம் ஏறக்குறைய 63 முதல் 65 நாள். கருத்தடை செய்யாத பெண் பூனையை உள்ளே அடைத்தால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை இரவெல்லாம் கத்தும். ஆண் பூனையை அடைத்தால் சுவர், பீரோ, அரிசி மூட்டை என்று எல்லாவற்றிலும் சிறுநீர் பீய்ச்சும். வெளியே விட்டால் சண்டை போட்டுக் கடிபட்டுச் சீழ் கட்டி வரும். நாலு முதல் ஆறு மாதத்துக்குள் அறுவை செய்துவிட்டால் இந்தத் தொல்லைகளில் பெரும்பகுதி தொடங்குவதே இல்லை. பெண் பூனைக்குக் கருப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்து நீங்கும். மடிக்கட்டி வரும் வாய்ப்பும் மிகவும் குறையும்.

அடுத்து சாப்பாடு. நம் பக்கத்தில் பூனைக்குப் பால்சோறு, மிஞ்சிய களி, கொஞ்சம் கருவாடு போடுவதுதான் வழக்கம். என் அம்மாவும் அப்படித்தான் போட்டார். பூனை இறைச்சி தின்றே வாழ வேண்டிய உயிர். டாரின் என்ற சத்து இறைச்சியிலும் மீனிலும்தான் உண்டு, களியிலும் சோற்றிலும் இல்லை. அது குறைந்தால் கண் பார்வை போகும், இதயத் தசை தளரும். கோழியையோ மீனையோ வேகவைத்தால் டாரின் தண்ணீரில் இறங்கிவிடும். அதனால் அந்தத் தண்ணீரையும் சேர்த்தே வையுங்கள். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை. குழம்பில் வெந்த கறித்துண்டு வேண்டவே வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்.

வழி ஒன்று: வெளியே விட்டு வளர்ப்பது

தலைமுறை தலைமுறையாக இங்கே நடந்துவரும் முறை இது. கேழ்வரகு மூட்டையும் நிலக்கடலையும் இருக்கும் வீட்டில் எலி பிடிக்கத்தான் பூனை. அதற்கென்று தனிச் செலவு கிடையாது, கழிவுத் தட்டு (உள்ளேயே மலசலம் கழிக்க மணல் போட்டு வைப்பது) கிடையாது. பூனை மரம் ஏறும், வெயில் காயும், உடம்பு இறுகி இருக்கும். ஐந்தாவது கேள்விக்கு இந்த வழி முழு மதிப்பெண் வாங்கும்.

முதல் கேள்வியில்தான் விழுந்துவிடும். கிருஷ்ணகிரி நகரம் நெடுஞ்சாலைகள் கூடும் இடம். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி, தருமபுரி, தொப்பூர் வழியாகச் சேலம் போகும் 44ஆம் எண் சாலையும், சென்னையிலிருந்து வரும் 48ஆம் எண் சாலையும் இங்கே சேர்கின்றன. மாம்பழப் பருவத்தில் மாங்கூழ் ஆலைகளுக்கும் மண்டிகளுக்கும் போகும் லாரிகள் உள்சாலைகளில்கூட இரவும் பகலும் ஓடும். ஊருக்கு வெளியே போனால் கைப்பிடிச் சுவர் இல்லாத விவசாயக் கிணறுகள். உள்ளே விழுந்த பூனைக்குப் பற்றி ஏற வழி இருக்காது. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் பக்கம் காட்டோரத்தில் இருப்பவர்கள் சிறுத்தையையும் கணக்கில் வைக்க வேண்டும். கொல்லையில் கண்ணாடி விரியனோடு மல்லுக்கு நிற்கும் பூனை ஒவ்வொரு முறையும் ஜெயிக்காது.

இவை எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது எலி மருந்துக்கு. சின்னு செத்தது அதனால்தான். ஜூன் மாதம், நல்ல மாம்பழப் பருவம். இரண்டு நாள் சோர்ந்து படுத்திருந்தான். வெயிலுக்கு அப்படி இருக்கிறான் என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் வாயைத் திறந்து பார்த்தால் ஈறு சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தது. எங்கோ மருந்து தின்ற எலியை இவன் பிடித்துத் தின்றிருக்கிறான். ரத்தம் உறையாமல் செய்யும் வகை மருந்து அது. வேலையைக் காட்ட இரண்டு மூன்று நாள் ஆகும், அதற்குள் உடம்புக்குள்ளேயே ரத்தம் கசியும். தின்றது அன்றைக்கே தெரிந்து கொண்டுபோனால் வைட்டமின் கே1 கொடுத்துப் பல வாரம் தொடர்ந்து பிழைக்க வைக்க வாய்ப்பு உண்டு. வெளியே திரியும் பூனையின் வயிற்றுக்குள் என்ன போனது என்று நமக்கு யார் வந்து சொல்வது? அதனால் வெளியே விடுபவர்கள் வாரம் ஒருமுறையாவது ஈறைப் பார்த்துப் பழகுங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும்.

வெளித்தெரியாத செலவுகளும் இந்த வழியில் அதிகம். எலி, பல்லி, குருவி தின்னும் பூனைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு மருந்து வேண்டும். தெள்ளுப்பூச்சி வீட்டுப் பாய்க்கும் வரும். அதற்கு நாய்க்கு விற்கும் சொட்டு மருந்தைப் பூனைக்குப் போடவே கூடாது. பெர்மெத்ரின் கலந்த மருந்து பூனைக்கு வலிப்பை வரவழைத்துக் கொல்லும். படர்தாமரை குழந்தைகளுக்குத் தொற்றும். தெருநாய் கடித்த பூனை நம்மைக் கடித்தாலோ பிறாண்டினாலோ காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போய்விட வேண்டும். வெறிநாய்க்கடி ஊசி அங்கே இலவசம்.

கழுத்தில் கயிறு கட்டிச் சலங்கை மாட்டுவதை நிறுத்துங்கள். வேலியிலோ கிளையிலோ மாட்டினால் அதுவே தூக்குக் கயிறாகிவிடும். இழுத்தால் தானே விடுபடும் பட்டை கிடைக்கிறது, அதைப் போடுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகும், இந்த வழிதான் சரி என்று நான் சொல்லும் வீடுகள் உண்டு. தார்ச்சாலையிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி இருக்கும் கொட்டாய், கிணற்றுக்குச் சுவரோ கம்பிவலை மூடியோ உண்டு, அக்கம்பக்கத்தில் யாரும் எலி மருந்து வைப்பதில்லை, பூனையும் அங்கேயே பிறந்து வளர்ந்தது என்றால், அதைப் பிடித்து அறைக்குள் அடைப்பது அதற்குச் செய்யும் நன்மை ஆகாது. ஊசியும் கருத்தடையும் மட்டும் கட்டாயம். பொழுது சாய்ந்தால் தீவன அறைக்குள்ளாவது விட்டுக் கதவைச் சாத்துங்கள்.

வழி இரண்டு: வீட்டுக்குள்ளேயே

சாலை, நாய், கிணறு, எலி மருந்து எல்லாம் ஒரே கதவுக்கு வெளியே நின்றுவிடும். இப்படி வளரும் பூனை பன்னிரண்டு, பதினைந்து ஆண்டு வாழ்வது சாதாரணம்.

ஆனால் ஆபத்து முழுக்கப் போய்விடாது, வேறு உருவத்தில் வரும். துரை விஷயத்தில் அதைப் பாடமாகப் படித்தேன். நாலு வயது, குண்டு உடம்பு, வெறும் உலர்தீவனம், தண்ணீர் அதிகம் குடிக்காதவன். ஒருநாள் காலையில் கழிவுத் தட்டில் போய்ப் போய் உட்கார்ந்தான், முக்கினான், ஒன்றும் வரவில்லை. "மலச்சிக்கலா இருக்கும், விளக்கெண்ணெய் குடு" என்றார் மாமியார். நானும் அப்படித்தான் நினைத்தேன். மாலையில் அடிவயிற்றைத் தொட்டதும் அலறினான். கல் போல் இறுகியிருந்தது மூத்திரப்பை. ஆண் பூனையின் சிறுநீர்க்குழாய் மிகக் குறுகலானது. அது அடைத்துக்கொண்டால் ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும். அன்றிரவே ஓசூருக்கு ஓடிக் குழாய் விட்டு எடுத்தோம், பிழைத்தான். உங்கள் வீட்டில் ஆண் பூனை இருந்தால் இந்த ஒரு பத்தியை மட்டுமாவது வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். முக்கியும் சிறுநீர் வராவிட்டால் மறுநாள் வரை காத்திருக்கவே கூடாது.

நம் ஊர்க் கால்நடை மருத்துவமனைகளுக்குப் பெரும்பாலும் மாடும் ஆடும்தான் வருகின்றன. இரவில் பூனைக்குக் குழாய் விடும் வசதி எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே விசாரித்து எண்ணை எழுதி வையுங்கள். தருமபுரிக்காரர்களுக்குச் சேலம் பக்கம், கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஓசூர் பக்கம். பெரிய சிகிச்சைக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியோ பெங்களூரோ போக வேண்டிவரும். வண்டிச் செலவையும் பூனைச் செலவில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அடைபடும் பூனைக்கு ஈர உணவு, இரண்டு மூன்று இடத்தில் தண்ணீர், ஏறி உட்கார அலமாரி உச்சி, ஜன்னலோரம் ஒரு பலகை, நாளுக்கு இருபது நிமிடமாவது கூட விளையாட ஓர் ஆள் வேண்டும். இவை கிடைக்காத பூனை சோபாவைக் கிழிக்கும், நம் காலைக் கடிக்கும், தன் ரோமத்தையே நக்கிச் சொட்டையாக்கிக்கொள்ளும்.

கழிவுத் தட்டுதான் இந்த வழியின் உண்மையான விலை. ஒரு பூனைக்கு இரண்டு தட்டு வையுங்கள். கட்டிபிடிக்கும் மணல் மாதம் பத்துக் கிலோ வரை போகும். மரப்பட்டறைத் தூள் மலிவு, ஆனால் தூசு பறக்கும். மூச்சிரைப்பு உள்ளவர் வீட்டுக்கு ஆகாது. காலை, மாலை ஐந்தைந்து நிமிடம் சுத்தம் செய்தால்கூட ஆண்டுக்கு அறுபது மணி நேரம். பெரும்பாலான வீடுகளில் அந்த அறுபது மணி நேரம் ஒரே பெண்ணின் தலையில் விழுகிறது. பூனை வேண்டும் என்று கேட்டவர் யாரோ அவர் பெயரை எழுதித் தட்டுக்கு மேலே ஒட்டுங்கள்.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால் "பூனையை எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிடு" என்ற பேச்சு வரும். விடத் தேவையில்லை. வயிற்றிலிருக்கும் குழந்தையைப் பாதிக்கக்கூடிய டாக்சோபிளாஸ்மா கிருமி, தொற்று வந்த பூனையின் மலத்தில் வெளியேறினாலும், மற்றவருக்குத் தொற்றும் நிலையை அடைய ஒன்று முதல் ஐந்து நாள் ஆகும். தினமும் தட்டைச் சுத்தம் செய்தால், அதையும் கர்ப்பிணி அல்லாத ஒருவர் செய்தால், பச்சை இறைச்சி போடாமல் இருந்தால், அந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும். இந்த விஷயத்தில் வெளியே வேட்டையாடும் பூனையைவிட உள்ளே இருக்கும் பூனை பாதுகாப்பானது.

உள்ளே இருக்கும் விஷங்களையும் சொல்லிவிடுகிறேன். பினாயிலால் தரை துடைத்தால் பூனை நடந்து பாதத்தை நக்கும், அது விஷம். பீரோவில் போடும் பாச்சை உருண்டையும் அப்படித்தான். பூசைக்கு வாங்கும் அரளிப்பூவைக் கடித்தால் இதயத்தைப் பாதிக்கும். காய்ச்சல் என்று நினைத்துப் பாராசிட்டமால் கொடுத்தால் ஒரே மாத்திரையில் செத்துப்போகலாம். நம் ஈரல் அந்த மருந்தை உடைக்கும் விதம் பூனையின் ஈரலுக்குத் தெரியாது. ஊசியோடு கோத்து வைத்த பூ கட்டும் நூலை விழுங்கினால் குடலைக் கிழிக்கும்.

வழி மூன்று: பகலில் வலைக்குள், இரவில் வீட்டுக்குள்

மொட்டைமாடியிலோ வராந்தாவிலோ ஒரு மூலையை வலையால் மூடிப் பகலில் அங்கே விடுவது. இருட்டினால் உள்ளே. மல்லி இப்படித்தான் இருக்கிறாள், இது ஐந்தாம் ஆண்டு. காற்று, வெயில், அணிலைப் பார்த்துக்கொண்டு உட்காரும் சுகம் எல்லாம் அவளுக்கு உண்டு. லாரியும் எலி மருந்தும் இல்லை.

செய்வதானால் ஒழுங்காகச் செய்ய வேண்டும். முதல் ஆண்டு புறா வராமல் கட்டும் நைலான் வலையைக் கட்டினேன். நம் ஊர் வெயிலில் இழை நைந்து, அடுத்த கோடையில் ஒரு மூலையைக் கடித்து ஓட்டை போட்டுவிட்டாள். இப்போது இரும்புக் கம்பிவலை, ஒட்டுப்போட்ட கட்டம். குரங்கு வரும் தெருவென்றால் முதலிலேயே கம்பிவலைதான். மேலேயும் மூட வேண்டும், பருந்து குட்டிகளைத் தூக்கும். பாதிக்கு மேல் நிழல் வேண்டும். தக்காளி நாற்றங்காலுக்குப் போடும் பச்சை நிழல்வலை இங்கே எங்கும் கிடைக்கிறது, அதைக் கூரைமேல் விரித்தேன். அப்படியும் ஏப்ரல், மே மாதங்களில் பதினோரு மணிக்கு உள்ளே கொண்டுவந்துவிடுவேன். தகரக் கூரை போட்ட மாடியில் அந்த மாதங்களில் விடவே வேண்டாம்.

இதன் மறைவான செலவு ஒழுங்கு. காலையில் திறப்பதும், மாலை ஆறரைக்குத் தட்டைத் தட்டிச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதும் ஒருநாளும் தவறக் கூடாது. கல்யாணம், திருவிழா என்று வீடு முழுக்க ஆள் வந்தால் கதவை யாராவது திறந்து போட்டுவிடுவார்கள். வாடகை வீடென்றால் வலை கட்டும் முன் வீட்டுக்காரர் சம்மதம் வேண்டும். கழிவுத் தட்டும் போய்விடாது, ஒன்று மாடியில், ஒன்று வீட்டில்.

| | வெளியே | உள்ளேயே | வலையும் வீடும் |
|---|---|---|---|
| சாலை, நாய், கிணறு | முழு ஆபத்து | இல்லை | இல்லை, வலை சரியாக இருந்தால் |
| எலி மருந்து | மிக அதிகம் | உங்கள் வீட்டில் வைத்தால் மட்டும் | கிட்டத்தட்ட இல்லை |
| மூத்திரக் கோளாறு, உடல் பருமன் | குறைவு | அதிகம் | நடுத்தரம் |
| தொடக்கச் செலவு | மிகக் குறைவு | கொஞ்சம் | அதிகம் |
| மாதச் செலவு | குறைவு, ஆனால் திடீர்ச் சிகிச்சை வரும் | மணல், உணவு | மணல், உணவு |
| தினசரி நேரம் | மிகக் குறைவு | அதிகம் | அதிகம், நேரம் தவறாமல் |
| கர்ப்பிணி, கைக்குழந்தை உள்ள வீடு | ஏற்றதல்ல | ஏற்றது | ஏற்றது |

எந்த வீட்டுக்கு எது

ஓசூர் மூன்றாவது மாடிக் குடும்பத்துக்கு இரண்டாவது வழிதான். பால்கனிக்குக் கம்பிவலை அடிக்காமல் ஒருநாளும் திறக்கக் கூடாது. அங்கே மார்கழிக் குளிர் அதிகம். தப்பித்தவறி கீழே இறங்கிவிட்டால் பூனை சூடு தேடி வண்டி இன்ஜினுக்குள் போய்ப் படுக்கும். காலையில் பானெட்டைத் தட்டிவிட்டுக் கிளப்புங்கள்.

பாலக்கோட்டுக் கொட்டாய்க்காரர்களுக்கு முதல் வழி, மேலே சொன்ன நிபந்தனைகளோடு. அவர்கள் கிணறு திறந்துதான் கிடந்தது. அதை மூடிய பிறகு என்று சொன்னேன். மூடிவிட்டார்கள்.

காவேரிப்பட்டணத்துத் தங்கைக்கு மூன்றாவது வழி. வாசலுக்கு எதிரே மண்டி, பக்கத்தில் சாலை, மாடி காலியாகக் கிடக்கிறது. அவள் மகள் அழுததில் நியாயம் இருக்கிறது. அவள் கணவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது, அந்தப் பூனை ஒரு வருடமாக வெளியே திரிந்து பழகியது. வலைச் செலவைப் பார்த்துத் தயங்கினாள். வலை கட்டும்வரை இரண்டாவது வழியில் வைத்துக்கொள், சின்னு விஷயம் உனக்குத் தெரியுமே என்றேன்.

திரிந்து பழகிய பூனையை உள்ளே மாற்றுவது

திடீரென்று ஒரே நாளில் பூட்டாதீர்கள். முதலில் சாப்பாட்டை வீட்டுக்குள் மட்டும், குறித்த நேரத்தில் வையுங்கள். ஒரு வாரம் கழித்து இரவில் மட்டும் கதவைச் சாத்துங்கள். கழிவுத் தட்டில் முதலில் அது வழக்கமாகப் போகும் இடத்து மண்ணையே போட்டு, மெதுவாக மணல் கலந்துகொண்டே வாருங்கள். மழைக்காலத்தில் தொடங்கினால் சுலபம், பூனைக்கே வெளியே போகப் பிடிக்காது. தீபாவளி நெருங்கும்போது வெளியே விட்டால் வெடிச் சத்தத்தில் ஓடித் திசை மறந்துபோகும். அதற்கு முன்பே உள்ளே பழக்கி முடித்துவிடுங்கள்.

முதல் பத்து நாள் விடியற்காலை நாலு மணிக்குக் கதவடியில் உட்கார்ந்து கத்தும். ஒரே ஒருநாள் பாவம் பார்த்துத் திறந்தாலும், கத்தினால் கதவு திறக்கும் என்று கற்றுக்கொள்ளும். அந்த நேரத்தில் எழுந்து போகாதீர்கள். தூங்குவதற்கு முன் கால்மணி நேரம் நன்றாக ஓடவிட்டு விளையாடி, அதன் பிறகு கடைசிச் சாப்பாட்டை வையுங்கள். மல்லி பதினேழாவது நாள் நாலு மணிக்கு எழவில்லை. நான்தான் எழுந்துபோய் என்ன ஆயிற்றோ என்று பார்த்தேன். ஜன்னல் பலகையில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.